கேட்கப் படித்தவரும் காக்கப் படித்தவரும்

பிரிட்டனின் கரையோரத்தில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தால் காப்பாற்றப் போவது ஆர்.என்.எல்.ஐ. என்ற அறநிறுவனத்தின் உயிர்காப்புப் படகு. அரசு நடத்தும் சேவை அல்ல அது. அந்நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, படகு கடலில் இறங்கும் பத்துத் தடவைகளில் ஆறு தடவை அதற்கான செலவு யாரோ ஒருவர் உயிலில் எழுதிவைத்துப் போன பணத்திலிருந்து வருகிறது. கேன்சர் ரிசர்ச் யூ.கே.யின் ஆராய்ச்சிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் பணம்தான். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி பவுண்ட் இறந்தவர்களிடமிருந்து அறநிறுவனங்களுக்கு வந்துசேர்கிறது.

இந்தப் பணம் தானாக வருவதில்லை. அதைக் கேட்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது; அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க லண்டனை மையமாகக் கொண்டு நாற்பது ஆண்டுகளாக ஒரு கல்வியும் வளர்ந்திருக்கிறது. லண்டன் தமிழர்கள் அதைக் கூர்ந்து பார்க்க வேண்டிய காலம் இது. 1983ஆம் ஆண்டு இலங்கை இனக்கலவரத்துக்குப் பிறகு அகதிகளாகவும் மாணவர்களாகவும் வந்திறங்கியவர்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் தொட்டுவிட்டார்கள். ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் அவர்கள் அன்று கடனில் வாங்கிய வீடுகளின் இன்றைய விலை, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தவரைக்கூட வாரிசு வரி கட்டுபவராக ஆக்கிவிட்டது. உயில் எழுதும் வயது வந்துவிட்டது. எழுதும் அளவுக்குச் சொத்தும் இருக்கிறது. நம் கோயில் அறங்காவலர்களும் பழைய மாணவர் சங்கத்தாரும் இன்றில்லாவிட்டால் நாளை இந்தக் கொடையைக் கேட்கத்தான் போகிறார்கள். எப்படிக் கேட்பது என்பதை லண்டனில் எப்படிக் கற்பிக்கிறார்கள், அதில் எது தேறும், எது தேறாது என்பதே இங்கே கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்வியின் இரண்டு பாதிகளும் தனித்தனியே நல்லவை. ஆனால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. உயிரோடிருப்பவரிடம் கேட்கப் பயிற்சி பெற்றவர் ஒருவர்; அவர் இறந்தபின் வரும் பணத்தைக் கையாளப் பயிற்சி பெற்றவர் வேறொருவர். இந்த இருவருக்கும் நடுவில்தான் குடும்பம் நிற்கிறது. அந்தக் குடும்பத்தைப் பற்றி இரண்டு வகுப்புகளிலும் போதுமான அளவு கற்பிக்கப்படுவதில்லை.

உயில் கொடை லண்டனுக்குப் புதிதல்ல. புத்தக வியாபாரி தாமஸ் கை 1724இல் இறந்தபோது தன் செல்வத்தின் பெரும்பகுதியை சதக்கில் தான் கட்டிய மருத்துவமனைக்கு விட்டுச்சென்றார். இன்றும் கைஸ் மருத்துவமனை அவர் பெயரில் நிற்கிறது. இசையமைப்பாளர் ஹேண்டல், அனாதைக் குழந்தைகளை வளர்த்த ஃபவுண்ட்லிங் மருத்துவமனைக்கு 'மெசையா'வின் இசைப்பிரதி ஒன்றை 1759இல் உயில் வழியாகக் கொடுத்தார். ஜே.எம்.பாரி 1929இல், உயிரோடிருந்தபோதே, 'பீட்டர் பேன்' உரிமையை கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். இவர்களிடம் கேட்கப் போனவர்கள் யாரும் சான்றிதழ் வாங்கியவர்கள் அல்லர். நட்பும் நன்றியும் ஊர்ப் பெருமையும் கேட்கவைத்தன, கொடுக்கவும் வைத்தன.

ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சட்டம் இந்தக் கொடையைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. மரணப் படுக்கையில் இருப்பவரிடம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்கிவிடுவார்கள், பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள் என்ற அச்சம். 1736ஆம் ஆண்டின் மார்ட்மெயின் சட்டம், நிலத்தை உயில் மூலம் அறத்துக்கு எழுதுவதைத் தடுத்தது. கொடுப்பதானால் சாவதற்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இந்தியாவுக்கும் அந்த அச்சம் கப்பலேறி வந்தது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, நெருங்கிய உறவுள்ள ஒரு கிறிஸ்தவர் அறப்பணிக்கு உயில் எழுதினால் அதற்குப்பின் பன்னிரண்டு மாதமாவது அவர் உயிரோடிருந்திருக்க வேண்டும் என்றது. கேரளத்தைச் சேர்ந்த ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் அந்த விதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தளர்ந்து 1960இல் முற்றாக நீங்கியது.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. சட்டம் போட்டிருந்த வேலி போய்விட்டது. போனது நல்லதே, ஒருவர் தன் சொத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை அந்த வேலி பறித்தது. ஆனால் வேலி நின்ற இடத்தில் இப்போது நிற்பது கேட்பவரின் மனசாட்சியும் அவர் பெற்ற பயிற்சியும் மட்டுமே. ஆகவே இந்தக் கல்வியை வேலைவாய்ப்புப் படிப்பாக மட்டும் எடைபோட முடியாது. வயதான ஒருவரையும் அவர் குடும்பத்தையும் பாதுகாக்கும் பொறுப்பு அதன் தலையில் விழுந்திருக்கிறது.

இனி கல்விக்கு வருவோம். நிதி திரட்டுநர்களின் சங்கமாக 1983இல் தொடங்கிய நிறுவனம், அரச சாசனம் பெற்று 2020 முதல் சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஃபண்ட்ரைசிங் என்ற பெயரில் இயங்குகிறது. சான்றிதழ், டிப்ளமோ, உயர் டிப்ளமோ என்று படிப்படியான தகுதிகளும், உயில் கொடைக்கெனத் தனிக் குறும்பயிற்சிகளும் அதனிடம் உண்டு. 2000இல் தொடங்கிய 'ரிமெம்பர் எ சாரிட்டி' என்ற கூட்டமைப்பில் ஏறத்தாழ இருநூறு அறநிறுவனங்கள் சேர்ந்து, உயிலில் அறத்துக்கும் ஒரு பங்கு வைப்பதைச் சாதாரணப் பழக்கமாக்கப் பாடுபடுகின்றன. கென்ட் பல்கலைக்கழகத்தில் கொடையியல் முதுகலைப் படிப்பு இருக்கிறது. அங்கே பேராசிரியராக உள்ள பெத் பிரீஸ், நிதி திரட்டுநர்களைப் பற்றி 2017இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பெரும்பாலோர் இந்தத் தொழிலுக்குத் தற்செயலாக வந்துசேர்ந்தவர்கள் என்பதை அதில் காட்டினார். தற்செயலாக வந்தவருக்கு ஒழுங்கான படிப்பு தருவது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தப் படிப்பின் மிகப் பெரிய பலம், எப்படிக் கேட்டால் மனிதர்கள் மனம் திறக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து அறிந்து கற்பிப்பது. 2013இல் வெளியான ஒரு சோதனையைப் பயிற்சிகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். கோ-ஆபரேட்டிவ் நிறுவனத்தின் சட்டப்பிரிவுக்கு உயில் எழுதத் தொலைபேசியில் அழைத்தவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம் அறக்கொடை பற்றி எதுவும் கேட்கவில்லை. ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் தாமாகவே அறத்துக்கு எழுதினார்கள். இரண்டாவது குழுவிடம், ஏதாவது அறநிறுவனத்துக்குப் பணம் விட விருப்பமா என்று மட்டும் கேட்டார்கள்; எண்ணிக்கை இரட்டிப்பானது. மூன்றாவது குழுவிடம், எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் உயிலில் அறத்துக்கும் எழுதுகிறார்கள், உங்கள் மனசுக்கு நெருக்கமான காரியம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். 15 விழுக்காட்டினர் எழுதினார்கள். எழுதிய தொகையும் கூடியது. ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னதன் விளைவு இது.

டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் ஜேம்ஸ் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். உயில் கொடையைப் பற்றி யோசிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று படமெடுத்துப் பார்த்தவர் அவர். ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே வெளியே நின்று காட்சியாகப் பார்க்கும்போது இயங்கும் பகுதிகள் அப்போது இயங்குவதாகக் கண்டார். ஆகவே சாவைப் பற்றிப் பேசாதே, வாழ்ந்த கதையைப் பேசவிடு என்பது பயிற்சியின் பால பாடமாகிவிட்டது. இது நம்மவர்களுக்கு நன்றாகவே புரியும். எழுபது வயது யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரிடம் 'உயில் எழுதிவிட்டீர்களா?' என்றால் முகம் சுருங்கும்; வீட்டிலிருக்கும் அம்மா 'ஏன் தம்பி இப்ப அந்தக் கதை' என்பார். 'நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் உங்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்தது யார் ஐயா?' என்று தொடங்கினால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. பேச்சின் முடிவில், அந்தப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவரே சொல்வார்.

இதுவரை எல்லாம் சரி. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், கேட்கும் கலை கூர்மையாக ஆக, யாரிடம் கேட்பது என்ற பட்டியலும் கூர்மையாகிறது. யார் அறத்துக்கு எழுத அதிக வாய்ப்புள்ளவர் என்ற ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பதில் ஒன்றே: பிள்ளை இல்லாதவர். இந்த உண்மை வகுப்பிலிருந்து நேராகக் கணினிப் பட்டியலுக்குப் போகிறது. குழந்தை இல்லாத, தனியாக வாழும், நீண்ட காலமாகச் சிறுசிறு தொகை அனுப்பிவரும் மூதாட்டியே முதல் வரிசையில் வருகிறார். நம் குடும்பங்களில் பிள்ளை இல்லாத ஒரு பெரியம்மாவையோ மாமியையோ நினைத்துப்பாருங்கள். தங்கை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர், அண்ணன் மகளின் படிப்புக்குக் காசு கட்டியவர். பட்டியலில் அவர் 'வாரிசு இல்லாதவர்'. எங்கள் பார்வையில் அவருக்கு வாரிசுகள் பத்துப் பேர். பட்டியல் தவறான செய்தியைச் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமையைக் கற்பிப்பதற்கு ஒரு நாள் பயிற்சியில் நேரம் கிடைப்பதில்லை.

2015இல் பிரிஸ்டலில் 92 வயதான மூதாட்டி ஒருவர் இறந்தார். பல ஆண்டுகள் பாப்பிப் பூ விற்று அறத்துக்கு உழைத்தவர் அவர். அவருக்கு எத்தனை எத்தனை அறநிறுவனங்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன என்பது வெளியே தெரிந்தபோது நாடே கொதித்தது. அவர் சாவுக்கு அறநிறுவனங்கள் காரணமல்ல என்று குடும்பமே தெளிவாகச் சொன்னது. ஆனாலும் குவிந்த கடிதங்கள் உண்மை. அந்த ஆண்டே சர் ஸ்டூவர்ட் எதரிங்டன் தலைமையில் ஆய்வு நடந்தது. 2016இல் ஃபண்ட்ரைசிங் ரெகுலேட்டர் என்ற கண்காணிப்பு அமைப்பு வந்தது. பலவீனமான நிலையில் இருப்பவரை எப்படி அடையாளம் காண்பது, எப்போது பேச்சை நிறுத்துவது என்பவை பயிற்சிகளில் இடம்பெறத் தொடங்கின. ஒரு தொழில் தன் தவறிலிருந்து கற்றுக்கொண்டு பாடத்தை மாற்றியது என்பதை மனமாரப் பாராட்ட வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிதி திரட்டும் அமைப்புகளுக்கு இப்படி ஒரு நெறிமுறை நூலும் அதை மீறினால் புகார் செய்ய ஓர் இடமும் இருந்தால் எத்தனை முதியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்!

கல்வியின் இன்னொரு பலம் வரிக்கணக்கு. இதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. பிரிட்டனில் 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 விழுக்காடு வாரிசு வரி. 2009இலிருந்து அந்த வரம்பு உயரவே இல்லை. அறநிறுவனத்துக்குப் போகும் பங்குக்கு வரி கிடையாது. 2012 ஏப்ரல் 6 முதல், வரம்புக்கு மேற்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது அறத்துக்கு எழுதினால் மீதிக்கு வரி 36 விழுக்காடாகக் குறையும். பிள்ளை இல்லாத ஒருவர் 5,25,000 பவுண்ட் விட்டுச்செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரம்புக்கு மேல் 2,00,000. அறத்துக்கு எதுவும் எழுதாவிட்டால் வரி 80,000, உறவினருக்கு 4,45,000. அறத்துக்கு 20,000 எழுதினால் மீதி 1,80,000க்கு 36 விழுக்காட்டில் வரி 64,800, உறவினருக்கு 4,40,200. அறம் பெறுவது 20,000, உறவினர் இழப்பது 4,800 மட்டுமே. இனி, அவர் தயங்கித் தயங்கி 10,000 மட்டும் எழுதினால் என்ன ஆகும்? பத்தில் ஒரு பங்கு ஆகாததால் 40 விழுக்காடே தொடர்கிறது. வரி 76,000, உறவினருக்கு 4,39,000. அறத்துக்குக் குறைவாகக் கொடுத்தவரின் உறவினர், இரண்டு மடங்கு கொடுத்தவரின் உறவினரைவிட 1,200 பவுண்ட் குறைவாகப் பெறுகிறார்கள்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட நிதி திரட்டுநர் குடும்பத்துக்கும் நன்மை செய்கிறார். ஆனால் அவர் இதைச் சட்ட ஆலோசனையாகச் சொல்லக் கூடாது. சொலிசிட்டரிடம் கேளுங்கள் என்று அனுப்பிவைக்க வேண்டும். எது தகவல், எது ஆலோசனை என்ற அந்தக் கோட்டில் நிற்கப் பழக்குவது நல்ல பயிற்சியின் அடையாளம். லண்டன் பயிற்சி அதைச் செய்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1969ஆம் ஆண்டு வரிச் சட்டத்துக்குப் பிறகு அங்கே வாழ்நாள் வருமானம் தரும் அறக்கட்டளைகள், கொடை ஆண்டுத்தொகைகள் என்று பல கருவிகள் வளர்ந்தன. ஆகவே அங்குள்ள நிதி திரட்டுநர் பாதி நிதி ஆலோசகர் போலவே படிக்கிறார். பிரிட்டனில் அந்தக் கருவிகள் வேரூன்றவில்லை. எல்லாம் உயில் ஒன்றையே சுற்றி வருவதால் மனித மனம்தான் இங்கே பாடத்தின் மையம். இது குறை என்று நான் நினைக்கவில்லை.

இப்போது இரண்டாவது பாதி. 1999இல் தோன்றிய இன்ஸ்டிடியூட் ஆஃப் லெகசி மேனேஜ்மெண்ட், இறந்தபின் வரும் கொடையை நிர்வகிப்பவர்களின் அமைப்பு. அறநிறுவன உயில் நிர்வாகத்துக்கென ஒரு சான்றிதழ் படிப்பும் அதற்கு உண்டு. உயில் சட்டம், வரி, சொத்துக் கணக்கு, தகராறுகள் என்று வறண்ட, ஆனால் உயிர்நாடியான பாடங்கள். ஒரு சின்ன உதாரணம் போதும். இம்பீரியல் கேன்சர் ரிசர்ச் ஃபண்ட், கேன்சர் ரிசர்ச் கேம்பைன் என்ற இரண்டு அமைப்புகள் 2002இல் இணைந்துதான் இன்றைய கேன்சர் ரிசர்ச் யூ.கே. உருவானது. 1990களில் எழுதிய உயில்களில் பழைய பெயர்களே இருக்கும். பெயர் மாறிய, இணைந்த, மூடிய அமைப்புக்கு எழுதிய பணம் யாருக்குச் சேரும் என்பதைத் தீர்ப்பது இந்த நிர்வாகியின் வேலை. உயிலில் அமைப்பின் பெயர், முகவரி, பதிவு எண், பணம் பெற்றுக்கொண்டதாக யார் கையெழுத்திட்டால் செல்லும் என்ற வாசகம் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

கேட்பவர் உயில் எழுதப்படும் காலத்தில் இருக்கிறார். காப்பவர் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து வருகிறார். அதற்குள் கேட்டவர் வேலை மாறிப் போயிருப்பார். நிதி திரட்டுநர்கள் ஓரிரு ஆண்டுகளில் இடம் மாறுவது இந்தத் தொழிலில் சாதாரணம். அன்று அந்த அம்மா என்ன சொன்னார், எதற்காகக் கொடுக்கிறார், எந்தப் பிள்ளையோடு ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவரோடு போய்விடும். நிர்வாகியின் கைக்கு வருவது ஒரு சொலிசிட்டரின் கடிதமும் உயிலின் நகலும் மட்டும்.

கொடையும் குடும்பமும் மோதினால் அதன் விலை என்ன என்பதைப் புளூ கிராஸ் வழக்கு காட்டுகிறது. 2004இல் இறந்த ஒரு தாய், தன் 4,86,000 பவுண்ட் சொத்தின் பெரும்பகுதியை விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ், பறவைப் பாதுகாப்புச் சங்கம், விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் ஆகிய மூன்றுக்கும் எழுதிவைத்தார். பதினேழு வயதில் காதலனோடு வீட்டை விட்டுப் போன ஒரே மகளுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தாய்க்கு வாழ்நாளில் இந்த அமைப்புகளோடு குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் இருந்ததில்லை. ஏழ்மையில் வாழ்ந்த மகள், உயிலில் விடுபட்ட குடும்பத்தினர் பங்கு கோர வழிதரும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குப் போட்டார். 2007இல் 50,000 பவுண்ட் கிடைத்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வீடு வாங்க 1,43,000 பவுண்டும் அதற்கு மேலும் ஒரு தொகையும் தந்தது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மீண்டும் 50,000க்கே வந்தது. தாய் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அறநிறுவனங்கள் உயில் பணத்தை நம்பி நடப்பவை, அவற்றின் பங்கைக் குறைப்பதும் ஓர் இழப்பே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. சட்டப்படி அறநிறுவனங்கள் வென்றன. தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டுப் பெறுவது அறங்காவலர்களின் கடமையும்கூட.

ஆனால் செய்தித்தாள் படித்த மக்கள் மனதில் பதிந்தது மகளின் முகம். இங்கேதான் நடுப்பாடம் இல்லாதது உறைக்கிறது. ஒரு குடும்பத்துக்கு நியாயமாகத் தர வேண்டியது உண்டு என்று அறங்காவலர்கள் உணர்ந்தால், 2011ஆம் ஆண்டுச் சாரிட்டிச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்கீழ், அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் அனுமதியோடு விட்டுக்கொடுக்க வழியிருக்கிறது. நிர்வாகியின் வகுப்பில் அந்தப் பிரிவு வருகிறது. கேட்பவரின் வகுப்பில் அது வருவது அரிது. நாளை இந்தப் பணத்துக்காக ஒரு மகளோடு நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கலாம் என்பதைக் கேட்கும் நாளிலேயே அறிந்தவர் வேறு விதமாகப் பேசுவார். 'பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா?' என்று ஒரு கேள்வி கேட்பார். அந்த ஒற்றைக் கேள்வி, சோதனையில் 15 விழுக்காட்டை எட்டவைத்த வாக்கியத்தைவிட மதிப்புள்ளது என்பது என் கருத்து.

கொடுக்கும்போதே காவலையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடு விடப்பட்டது. அவற்றைப் பெற்ற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டுக்குப் பதில் 48 பசு, அல்லது 16 எருமை. செத்தாலும் மூத்தாலும் கணக்குக் குறையாத 'சாவா மூவாப் பேராடு' அவை. குட்டி போட்டு மந்தை தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும் என்பதால் முதல் குறையாது என்ற கணக்கு. கொடுத்தவர் பெயரோடு, காக்க வேண்டியவரின் பெயரும் ஊரும் கல்லில் வெட்டப்பட்டன. கொடையும் காவலும் ஒரே ஆவணத்தில் இருந்தன. இன்றைய உயிலில் 'ஆயிரம் பவுண்ட்' என்று எழுதுவது, அந்த மந்தைபோல் அல்லாமல், விலைவாசியில் இருபது ஆண்டில் தேய்ந்துபோகும் கொடை. எஞ்சிய சொத்தில் ஒரு பங்கு என்று எழுதினால் அது சொத்தோடு சேர்ந்து வளரும். லண்டன் பயிற்சி இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்வது முற்றிலும் சரி.

காவல் இல்லாத கொடை என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி இருக்கிறது. காஞ்சிபுரத்து துபாஷ் பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதிவைத்து இறந்தார். கோயில்களுக்கும் அறங்களுக்கும் என்று விட்ட செல்வம், நிறைவேற்றியவர்களின் சீர்கேட்டிலும் வழக்குகளிலும் சிக்கியது. சென்னையின் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயன்று, அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தின் ஆணையும் அறங்காவலர் குழுவும் ஏற்பட்டு, மிஞ்சிய பணத்தில் பச்சையப்பன் பள்ளி திறந்தது 1842இல். நாற்பத்தெட்டு ஆண்டுகள். எத்தனை தலைமுறை மாணவர்களின் இழப்பு அது என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

லண்டனின் நம் அமைப்புகளுக்குத் திரும்புகிறேன். கோயில்கள் பெரும்பாலும் சாரிட்டி கமிஷனில் பதிவானவை. பழைய மாணவர் சங்கங்களும் ஊர் ஒன்றியங்களும் பல இடங்களில் பதிவில்லாமல், ஒரு செயலாளரின் வீட்டு முகவரியில் இயங்குகின்றன. சங்கம் இரண்டாகப் பிரியும், பெயர் மாறும். அப்படி ஒரு சங்கத்துக்கு எழுதிய உயில் பணம் யாருக்குப் போகும் என்று சொல்ல ஒரு நீதிபதி தேவைப்படும். இன்னொன்று, பலரைச் சுடக்கூடிய உண்மை: வாரிசு வரி விலக்கு பிரிட்டனின் சட்ட வரம்புக்குள் வரும் அறநிறுவனத்துக்குத்தான். ஐயா தன் உயிலில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கு நேரடியாக 20,000 பவுண்ட் எழுதினால் அதற்கு விலக்கு இல்லை. மேலே போட்ட கணக்கில் அது பத்தில் ஒரு பங்காகவும் சேராது. அதே பள்ளிக்கு உதவும் நோக்கத்தோடு இங்கே பதிவான அமைப்புக்கு எழுதினால் விலக்கு உண்டு. ஊரில் இருக்கும் காணியோ ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. லண்டன் பாடத்திட்டம் அங்கே கைகொடுக்காது.

ஆகவே நம் சங்கத்தார் இந்தப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றே சொல்வேன். ஒருவர் அல்ல, இருவர்: பேசத் தெரிந்த ஒருவரும் கணக்குப் பார்க்கும் பொருளாளரும். கேட்கும் பாடத்தைப் பொருளாளரும் காக்கும் பாடத்தைப் பேசுபவரும் படிக்கட்டும். பெரிய அறநிறுவனங்களில் இரண்டு துறைகளாகப் பிரிந்து கிடப்பது, ஏழு பேர் கொண்ட ஒரு நிர்வாகக் குழுவில் பிரிய வேண்டிய அவசியமில்லை. கேட்டவர் யார், கொடுப்பவர் என்ன சொன்னார், பிள்ளைகளுக்குத் தெரியுமா என்பதை அன்றே எழுதி, தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டு, அடுத்த செயலாளர் கையில் ஒப்படைக்கும் வழக்கம் தொடங்கட்டும். சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட்டும் லெகசி மேனேஜ்மெண்ட் நிறுவனமும் சேர்ந்து ஒரு பொதுத் தாளை இரு படிப்புகளிலும் கட்டாயமாக்கலாம். அதில் மாணவருக்கு ஓர் உண்மையான வழக்கின் கோப்பைக் கொடுத்து, கேட்ட நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரை படிக்கச் சொல்லி, எந்த இடத்தில் நீங்கள் பேச்சை நிறுத்தியிருப்பீர்கள் என்று கேட்க வேண்டும். மதிப்பெண் அந்தப் பதிலுக்கு.

அந்தத் தாளுக்கு முதல் கோப்பாகப் புளூ கிராஸ் வழக்கையே வைக்கலாம். இரண்டாவதாக, கேட்டால் எங்களிடம் பச்சையப்பர் இருக்கிறார்.